விரல்

காலை ஆறரைக்கு அம்பகாமம் காட்டில்
என் விரல் சொன்னபடி கேட்கும்.
முழங்காலில் இருந்து, கத்தியைச் சரித்துப் பிடித்து,
மண்ணை மண்ணென்று நம்பாமல்
ஒரு விரற்கடை. பிறகு இன்னொரு விரற்கடை.
முகமூடிக்குள் வேர்வை மூக்கு நுனியில் நின்று கூசும்.
துடைக்கக்கூடாது. துடைக்கமாட்டேன்.
முதிரையில் மயில் அகவினாலும் தலை திரும்பாது.

அதே விரல்
இரவு ஒன்பதே முக்காலுக்கு, ஒலுமடுவில்,
நுளம்புவலைக்குள் பச்சைப் பொத்தானை அமத்தும்.
அவர் "ஹலோ" என்பார்.
பின்னால் ஒரு குழந்தை இருமும்,
என்னுடையதல்லாத குழந்தை.
வைத்துவிடுவேன்.
இப்படி நூற்றுப் பத்து இரவுகள்.
ரீலோட்டுக்குப் போன காசு தனிக்கணக்கு.

வவுனியாவிலிருந்து வகுப்பெடுக்க வந்த பெடியன்,
சப்பாத்தெல்லாம் எங்கள் செம்புழுதி,
மனவுறுதி ஒரு தசை என்றான்.
பிஸ்கட் மணக்கிற அறையில் சிலரை இருத்தி
முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்களாம்.
பிறகு ஒரு புதிரைக் கொடுத்தால்
அவர்கள்தான் கெதியில் கைவிட்டார்களாம்.
அடக்கி அடக்கிக் களைத்த மனசாம்.
முள்ளங்கியும் கிடைக்காத மாதங்களைத் தாண்டி வந்த
இருபத்தாறு பெண்கள்
வாய்க்குள் சிரித்தோம்.
ஆனாலும் எனக்கு ஆறுதலாயிருந்தது:
பகலெல்லாம் செலவழித்துவிட்டேன்,
இரவுக்கு மிச்சமில்லை, அவ்வளவுதான்.
அந்த ஆறுதலோடு அன்றும் எடுத்தேன்.

அடுத்த வகுப்பில் அவனே சொன்னான்,
கொஞ்சம் வெட்கப்பட்டு:
பல இடங்களில் திருப்பிச் செய்து பார்த்ததில்
அது அப்படி வரவில்லையாம்.
தசையோ இல்லையோ, படித்தவர்கள் இன்னும் சண்டைதானாம்.
என் சாட்டும் போயிற்று.

சுப்பர்வைசர் தவநிதி அக்காவுக்கு வகுப்பில் நித்திரை.
லேன் வாசலில் நின்று அவள் நெடுகச் சொல்வது வேறு:
"மனவுறுதியை நம்பி ஒருத்தியும் உள்ளுக்குப் போகாதையுங்கோ.
கயித்தை நம்புங்கோ, தடியை நம்புங்கோ.
மெசின் கத்தினா கை நிக்கவேணும்,
யோசிக்கப்பிடாது."

கயிறு.
ஐம்பது நிமிடத்துக்கு ஒரு விசில், பத்து நிமிடம் பாலைமர நிழல்.
எங்கள் வீரம் என்று ஊர் சொல்வதில் முக்காற்பங்கு
யாரோ முன்கூட்டியே கட்டிவிட்ட கயிறு.

அன்றிரவு நானும் ஒன்று கட்டினேன்.
எட்டு மணியானால் போனைக் கொண்டுபோய்
புஸ்பமலர் கடை விறாந்தையில் சார்ஜில் போடுவது.
இடையில் ஆறு வளவு, இரண்டு கடிநாய்,
போன மாரிக்கு உடைந்த மதகு.
விரல் நினைத்தாலும் கால் பஞ்சிப்படும்.
அப்படியும் நெஞ்சுக்குள் மணி அடித்தால்
இரண்டு கையையும் முழங்காலில் வைத்து
முகமூடி போட்டவள் மாதிரி
வேர்வையை அதன்பாட்டில் வடியவிடுவது.

பத்தொன்பது இரவு.
இருபதாவது இரவு, சோளகம் கூரையைப் பிய்க்க,
டோர்ச்சும் இல்லாமல்,
ஆறு வளவும் தாண்டி,
நாய்களுக்குப் பாண் எறிந்து போனேன்.
எடுத்தேன்.
"ஹலோ" என்றவர், கொஞ்சம் பொறுத்து,
"சாப்பிட்டியே?" என்றார்.

விடிய வேலைக்குப் போனால்
சுதாயினியின் லேனைச் சுற்றிக் கூட்டம்.
முடித்த இடத்தைச் செக் பண்ணியபோது
ஒரு மிதிவெடி விடுபட்டிருந்ததாம்,
தேங்காய்ச் சிரட்டையிலும் சின்னது.
அவள் மூக்கைச் சிந்திச் சிந்தி
முழுக் காட்டையும் திருப்பிச் செய்யவேணுமோ என்று கேட்டாள்.
தவநிதி அக்கா அளக்கிற நாடாவை விரித்தாள்.
"காட்டை ஏனடி?
கடைசியாச் சரியா ஊன்டின தடி எது?
அதில இருந்து தொடங்கு."

முகமூடியை இறக்கினேன்.
ஒரு விரற்கடை.
இன்றைக்கும் எட்டு மணிக்குப் போனைக் கொடுக்கவேண்டும்.
கடையில்
பாண் வாங்கக்கூடாது.